கல்லூரிக் காலத்து முதல் ஸ்போர்ட்ஸ் கார்: எம்எக்ஸ்-5ஆ, 86ஆ, மஸ்டாங்கா, ஹாட் ஹேட்சா?

படிக்கிற வயதில் ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வேறு எந்த வயதில்? கல்யாணம், குழந்தை என்று வந்த பிறகு இரண்டு கதவு வண்டி வாங்க ஆசை இருந்தாலும் வீடு விடாது. அதனால் 'வாங்காதே' என்ற அறிவுரை இங்கே கிடைக்காது. எதை வாங்குவது என்பதுதான் பேச்சு. பகுதிநேர வேலையில் சேர்த்த பணம், வீட்டிலிருந்து கொஞ்சம் உதவி, இவற்றை வைத்து வாங்குவது பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் வண்டியாகத்தான் இருக்கும். அப்படியே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப அடிபடும் பெயர்கள் மஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா 86 (அதன் இரட்டைப் பிறவி சுபாரு பிஆர்இசட்), ஃபோர்டு மஸ்டாங், நிசான் 350இசட், 370இசட். இவற்றோடு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ போன்ற ஹாட் ஹேட்ச்களையும், அதாவது சாதாரண ஹேட்ச்பேக்கின் சக்தி கூட்டிய வடிவங்களையும், சேர்க்க வேண்டும். விலை இறங்கிக் கிடக்கிறதே என்று ஆசை காட்டும் மஸ்டா ஆர்எக்ஸ்-8, பழைய போர்ஷே பாக்ஸ்டர் இரண்டும் பட்டியலின் ஓரத்தில் நிற்கும். இவற்றை நான் முதலில் இரண்டு கேள்விகளால் சலிக்கிறேன். இந்த வண்டியின் சக்தியை ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவரால் நிஜமாகவே பயன்படுத்த முடியுமா? ஒரு பெரிய பழுது வந்தால் அந்த செமஸ்டர் தாங்குமா? பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் எட்டும் என்பது எனக்கு மூன்றாம் பட்சம்.

மாடலை முடிவு செய்யும் முன்பே இன்சூரன்ஸ் பிரீமியம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பிறகு பிரீமியத்தைப் பார்த்துத் திகைக்கிறார்கள். 25 வயதுக்குக் கீழே, அதிலும் லைசென்ஸ் வாங்கி ஓரிரு வருடமே ஆனவர் என்றால், பல நாடுகளில் பிரீமியம் எகிறும். அதே வண்டியைத் தகப்பனார் ஓட்டினால் அதில் ஒரு பங்குதான் ஆகும். மனதில் இருக்கும் நாலைந்து மாடல்களுக்கும் ஒரே நாளில் கொட்டேஷன் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பட்டியல் தானாகவே பாதியாகிவிடும். மஸ்டாங் ஜிடி பெரும்பாலும் அங்கேயே விழுந்துவிடும்.

இங்கே ஒரு குறுக்குவழியை எல்லாரும் சொல்வார்கள்: பாலிசியை அப்பா பெயரில் எடுத்து, முக்கியமாக ஓட்டுபவர் அவர்தான் என்று எழுதிவிடு. செய்யாதீர்கள். தினமும் கல்லூரி வாசலில் நிற்கும் வண்டி யாருடையது என்பது விபத்துக்குப் பிறகு விசாரிக்கும்போது தெரிந்துவிடும்; கிளெய்ம் மறுக்கப்பட்டால் எதிரில் வந்தவரின் நஷ்டமும் உங்கள் தலையில்தான். எக்ஸாஸ்ட் மாற்றியதையோ ஈசியூ ரீமேப் (இன்ஜினை இயக்கும் கணினியின் அமைப்பை மாற்றுவது) செய்ததையோ சொல்லாமல் மறைத்தாலும் இதே கதிதான். முந்தைய உரிமையாளர் செய்த வேலையாக இருந்தாலும் சொல்ல வேண்டியது நீங்கள்.

இன்னொரு வடிகட்டி, எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல். வண்டி வழுக்கத் தொடங்கும்போது ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்து நேராக்கும் அமைப்பு இது. அமெரிக்காவில் 2012 மாடல் ஆண்டிலிருந்து எல்லா கார்களிலும் கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும். ஒரே வண்டி தடம் மாறி மோதும் உயிர்ப்பலி விபத்துகளின் வாய்ப்பை இது ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்பது சாலைப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அமைப்பான ஐஐஎச்எஸ் சொல்லும் கணக்கு. பின்சக்கர இழுவை வண்டி, ஈரச் சாலை, அனுபவம் குறைந்த கால், இந்த மூன்றும் சேரும் இடத்தில் இது இல்லாத வண்டியை முதல் காராக நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தொண்ணூறுகளின் அழகான எம்எக்ஸ்-5 இதனால் அடிபடுகிறது. வருத்தம்தான்.

அந்த எம்எக்ஸ்-5இலிருந்தே தொடங்கலாம். 1989இல் சிகாகோ மோட்டார் ஷோவில் அறிமுகமாகி, 2016இல் பத்து லட்சமாவது வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தது. உலகில் அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்ற கின்னஸ் சாதனை இதனுடையது. 2015இல் வந்த நான்காம் தலைமுறை (என்டி என்பார்கள்) வெறும் 1,060 கிலோ அளவுதான். 2 லிட்டர் இன்ஜினில் முதலில் 155 ஹார்ஸ்பவர், 2019 மாடலிலிருந்து 181. காகிதத்தில் சாதாரணமாகத் தெரியும் எண்கள். ஆனால் எடை இல்லாததால் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கலாம், இரண்டாம் கியரை இறுதிவரை இழுக்கலாம், அப்போதும் சாலை விதிக்குள்தான் இருப்பீர்கள். எடை குறைந்தால் பிரேக் பேட், டயர், பெட்ரோல் எல்லாமே குறையும். டயர் அளவு 195/50 ஆர்16 அல்லது 205/45 ஆர்17; நான்கு சக்கரத்துக்கும் ஒன்றே, எங்கும் கிடைப்பது.

குறை என்ன? இரண்டு சீட், 130 லிட்டர் டிக்கி. ஹாஸ்டல் காலி செய்யும் நாளில் மெத்தையையும் பெட்டியையும் இதில் ஏற்றுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இன்னொன்று கூரை. திறந்தவெளியில் நிறுத்தும் வண்டிக்குத் துணிக்கூரை என்பது நிரந்தரக் கவலை. மழைநீர் வடிவதற்குச் சீட்டுகளுக்குப் பின்னால், சீட் பெல்ட் தூண்களை ஒட்டி இரண்டு துளைகள் உண்டு. இலையும் தூசியும் அடைத்தால் நீர் உள்ளே தேங்கும். பழைய தலைமுறைகளில் கதவுக்குக் கீழே ஓடும் தகடு உள்ளிருந்தே துருப்பிடித்து அழுகியது பெரும்பாலும் இதனால்தான். வாங்கப் போகும்போது ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோய், உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, அந்தத் துளையில் ஊற்றிப் பாருங்கள். அந்தப் பக்கமே வண்டிக்குக் கீழே சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் கார்ப்பெட்டின் மூலையை அழுத்தி, விரலை முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாசனை வந்தால் விலையைக் குறைத்துக் கேட்பதைவிட வேறு வண்டி தேடுவது நல்லது. என்டியின் முதல் சில வருட வண்டிகளில் மேனுவல் கியர்பாக்ஸ் பலவீனம் என்ற புகார் உண்டு. ஆகவே அது மாற்றப்பட்டதா என்ற பில்லையும் கேளுங்கள்.

டொயோட்டா 86 வேறு விதம். 2012இல் வந்தது, அமெரிக்காவில் சயான் எஃப்ஆர்-எஸ் என்ற பெயரில் விற்றார்கள். சுபாருவின் 2 லிட்டர் பாக்ஸர் இன்ஜின் (சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்கும்), 200 ஹார்ஸ்பவர், சுமார் 1,250 கிலோ, பின்சக்கர இழுவை. இதன் முதல் தலைமுறையில் ஒரு வேடிக்கை உண்டு: சில பிரியஸ் மாடல்களில் போட்ட அதே மிஷலின் பிரைமசி டயரை, 215/45 ஆர்17 அளவில், இந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் போட்டார்கள். கஞ்சத்தனம் இல்லை. பிடிப்பைக் கொஞ்சம் குறைத்து வைத்தால், குறைந்த வேகத்திலேயே வண்டி தன் எல்லையைக் காட்டிவிடும். நாற்பதில் வழுக்கப் பழகுவது, நூற்றிருபதில் முதல்முறை வழுக்குவதைவிட எவ்வளவோ மேல். கற்றுக்கொள்ளும் காருக்கு இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியவில்லை. பயிற்சியும் பொதுச் சாலையில் வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பின்னால் இரண்டு சீட் இருக்கிறது, பெயருக்கு. சராசரி உயரமுள்ளவர் முன்னால் வசதியாக உட்கார்ந்தால், பின்னால் இருப்பவரின் முழங்கால் சீட்டில் இடிக்கும். கேன்டீனுக்குப் போய்வர யாராவது தொற்றிக்கொள்ளலாம், வெளியூருக்கு ஆகாது. ஆனால் அந்தச் சீட்டை மடக்கினால் டயர் நான்கும் உள்ளே போகும். அதாவது உங்கள் ஹாஸ்டல் சாமானும் போகும். கூரை இரும்பு. துணியைக் கிழிப்பார்களோ என்ற பயம் இல்லை. எம்எக்ஸ்-5ஐ விட இதை மாணவருக்கு ஒரு படி மேலே வைக்க எனக்கு இந்த இரண்டும் போதும்.

ஓட்டும்போது ஏமாற்றம் தருவது நடு ஆர்பிஎம். 3,500 தாண்டியதும் டார்க் (இன்ஜினின் இழுக்கும் திறன்) ஒரு பள்ளத்தில் இறங்கி, 4,500 வாக்கில்தான் மேலே வரும். டெஸ்ட் டிரைவில் இதைக் கவனித்துவிட்டு 'இன்ஜின் வீக்' என்று நினைத்துவிடாதீர்கள், பிறவியிலேயே அப்படி. 2021இல் வந்த ஜிஆர்86 2.4 லிட்டரோடு இந்தக் குறையைத் தீர்த்தது, ஆனால் அதன் விலை மாணவர் கணக்குக்கு இன்னும் இறங்கவில்லை.

உண்மையில் பார்க்க வேண்டியது வால்வ் ஸ்பிரிங் ரீகால், அதாவது குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டியைத் திரும்ப அழைத்தது. ஆரம்பகால 86, பிஆர்இசட் வண்டிகளுக்கு 2018 இறுதியில் இந்த அழைப்பு வந்தது. அந்த ஸ்பிரிங்கை மாற்ற இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். இறக்கி ஏற்றிய சில வண்டிகளில், ஒட்டப் பயன்படுத்திய சீலன்ட் அளவுக்கு மீறிப் போய் ஆயில் வழியை அடைத்து, பிறகு இன்ஜினே போனதாகப் புகார்கள் எழுந்தன. ஆகவே 2013 மாடல் என்றால் சேசிஸ் எண்ணை வைத்து ரீகால் நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்திருந்தால் அதற்குப் பின் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். முப்பது நாற்பதாயிரம் சத்தமில்லாமல் ஓடியிருந்தால் எனக்குத் திருப்தி. 2017க்குப் பிந்தைய வண்டி கையில் அகப்பட்டால் இந்தத் தலைவலியே இல்லை. இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் 12.5:1 என்று அதிகம் என்பதால் உயர் ஆக்டேன் பெட்ரோல்தான் போட வேண்டும். மாதக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மஸ்டாங் பற்றிச் சொல்லாவிட்டால் விட மாட்டீர்கள். 1964இலிருந்து கனவு விற்கும் வண்டி அது. 2015இல் வந்த ஆறாம் தலைமுறையில் பின்பக்கம் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் (சக்கரங்கள் தனித்தனியே அசையும் அமைப்பு) வந்து வண்டி நன்றாகவே திருந்திவிட்டது. 5 லிட்டர் வி8 ஜிடியில் 435 ஹார்ஸ்பவர், எடை 1,680 கிலோவுக்குக் குறையாது. வாங்கும் விலைக்கு இவ்வளவு சக்தி வேறெங்கும் கிடைக்காது என்பது உண்மை. யானையைக் கட்டித் தீனி போடுவது பிறகுதான் தெரியும். பெர்ஃபார்மன்ஸ் பேக் எடுத்த வண்டியில் முன்னால் 255, பின்னால் 275 அகலம், 19 அங்குலம். முன்னும் பின்னும் வேறு அளவு என்பதால் டயரை மாற்றி மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்யும் வழியும் இல்லை. பின்டயர் இரண்டும் சீக்கிரமே மொட்டை. 2017 தொடக்கத்தில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் இதற்கு இரண்டே நட்சத்திரம் கொடுத்தது, அதே வருடம் மேம்படுத்திய வண்டிக்கு மூன்று. மஸ்டாங்தான் வேண்டும் என்றால் 2.3 லிட்டர் ஈகோபூஸ்ட் பாருங்கள், 310 ஹார்ஸ்பவரே தாராளம். சத்தம் வி8 போல இருக்காது. சத்தத்துக்காகத்தான் வாங்குகிறேன் என்பவரிடம் எனக்கு வாதம் கிடையாது; இன்சூரன்ஸ் கொட்டேஷன் பேசிக்கொள்ளட்டும்.

350இசட், 370இசட் இரண்டும் நல்ல வண்டிகள், தவறான கைகளில் இருந்தவை. பிரச்சினை மாடலில் இல்லை, சந்தையில். டிரிஃப்ட் (வேண்டுமென்றே வழுக்கி) ஓட்டி அடித்து நொறுக்கிய வண்டிகள் பெயின்ட் அடித்து விற்பனைக்கு வரும். 370இசட்டில் கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். கசிந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், பாகத்தின் விலையைவிடக் கூலி அதிகம். எதுவும் மாற்றாத, ஒரே உரிமையாளர் வைத்திருந்த வண்டி கிடைத்தால் யோசிக்கலாம். கிடைப்பது அபூர்வம்.

ஆர்எக்ஸ்-8. 2003இல் வந்து 2012இல் நின்றுபோனது. நான்கு பேர் நிஜமாகவே உட்காரலாம், பின்கதவுகள் எதிர்ப்பக்கம் திறக்கும், ஸ்டியரிங் அவ்வளவு இனிமை, விலையோ தரையில். தரையில் கிடப்பதற்குக் காரணம் இன்ஜின். ரோட்டரி இன்ஜின் வடிவமைப்பிலேயே ஆயிலைக் குடிக்கும். உள்ளே சுழலும் ரோட்டரின் முனைகளில் உள்ள ஏபெக்ஸ் சீல்களுக்கு மசகாகக் கொஞ்சம் ஆயிலை எரிப்பறைக்குள்ளேயே செலுத்துகிறார்கள். ஒன்றிரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்த்தே ஆக வேண்டும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, இரண்டடி நகர்த்தி அணைத்துவிட்டால் பெட்ரோல் தேங்கி மறுபடி கிளம்பாமல் போகலாம். வாங்கும் முன் கம்ப்ரஷன், அதாவது எரிப்பறைக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று, பார்க்க வேண்டும். அதற்குச் சாதாரண கேஜ் உதவாது, ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று என்று ஆறு அளவுகளையும் தனித்தனியே காட்டும் ரோட்டரிக்கான கருவி வேண்டும். 'நான் கவனமாகப் பார்த்துக்கொள்வேன்' என்று சொல்லும் மாணவரை நம்புகிறேன். அவருக்கு முன்பு வைத்திருந்த நாலு பேரை நம்பவில்லை. பழைய பாக்ஸ்டரும் இதே ரகம்: 2008 வரையான இன்ஜின்களில் ஐஎம்எஸ் பேரிங் என்ற ஒரு சிறிய பாகம் உடைந்தால் இன்ஜினே காலி. தாண்டிப் போகலாம்.

இப்போது ஹாட் ஹேட்ச். ஸ்போர்ட்ஸ் கார் கேட்டவரிடம் ஐந்து கதவு கோல்ஃபைக் காட்டினால் முகம் சுருங்கும், தெரியும். ஆனால் ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ 2 லிட்டர் டர்போ, 220 ஹார்ஸ்பவர் வாக்கில். நடைமுறைச் சாலையில் 86ஐ விட வேகமாகவே உணரும், ஏனென்றால் டார்க் கீழேயே கிடைக்கிறது. டிக்கி 380 லிட்டர். நான்கு பேர் பயணம் போகலாம், செலவைப் பங்கு போடலாம். முன்சக்கர இழுவை என்பதால் வளைவில் அளவு மீறினால் வண்டி அகலமாக வெளியே ஓடும். காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பி வரும். பின்சக்கர வண்டி போலச் சட்டென்று வால் சுழற்றாது. கவனிக்க வேண்டியவை: தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் கூட்டில் கூலன்ட் கசிவு, ஆறு கியர் டிஎஸ்ஜி (ஃபோக்ஸ்வாகனின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) என்றால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றிய பில். இன்னும் சின்னதாக வேண்டுமென்றால் ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி, அல்லது 970 கிலோ எடையிலேயே டர்போவோடு வரும் சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். சிரிக்க வைக்கும் வண்டிகள், இரண்டும்.

மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. எம்எக்ஸ்-5, 86 இரண்டிலும் மேனுவல். பாதி சுகம் அதில்தான்.

எதை முடிவு செய்தாலும் வண்டி பார்க்கும் நாளில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், 'இன்ஜினைக் கிளப்பி வைக்க வேண்டாம்' என்று. போனதும் முதலில் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்ந்த இன்ஜினில் வரும் சத்தமும் புகையும்தான் உண்மை பேசும். டயரின் பக்கச் சுவரில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம், தயாரித்த வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். நான்கு டயரும் நான்கு பிராண்டு என்றால் முந்தைய உரிமையாளர் மற்ற செலவுகளையும் அப்படித்தான் செய்திருப்பார். ஓட்டும்போது நான்காம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. வண்டியின் கணினியைப் படிக்கும் மலிவான ஓபிடி ஸ்கேனர் ஒன்றைச் செருகினால் பழுதுக் குறிப்பு எதுவும் இல்லை என்று காட்டலாம். உடனே மகிழ வேண்டாம். வண்டி தன்னைத்தானே சோதித்த நிலையைக் காட்டும் ரெடினஸ் மானிட்டர் என்ற பக்கத்தைத் திறந்து, பல வரிகள் முடிவடையாத நிலையில் இருந்தால், எரிந்துகொண்டிருந்த செக் இன்ஜின் விளக்கைச் சமீபத்தில்தான் அழித்திருக்கலாம்.

என் வரிசை இப்படி. வீட்டில் வேறு கார் இல்லை, நண்பர்களோடு அடிக்கடி நாலு பேராகப் போவீர்கள் என்றால் ஜிடிஐ, பேச்சே இல்லை. தனியாகவோ இருவராகவோதான் பயணம், ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஆசையும் உண்டு என்றால் 2017க்குப் பிந்தைய 86. மூடிய இடத்தில் நிறுத்த வசதி இருந்து, ஹாஸ்டல் சாமானை வேறு யாராவது ஏற்றித் தருவார்கள் என்றால் எம்எக்ஸ்-5. அப்படிப்பட்டவருக்கு இந்த மூன்றிலும் அதிக இன்பம் தருவது அதுதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வாங்கும் பணத்தில் ஒரு செட் டயர், ஒரு கிளட்ச், முதல் வருட இன்சூரன்ஸ், இவற்றுக்கான தொகையைத் தனியாக எடுத்துவைத்த பிறகு மீதியில் வாங்கக்கூடியதே உங்கள் வண்டி.

அந்த மீதியில் இவை எதுவும் வரவில்லை என்றால் சுமாரான 86 ஒன்றைத் தேடிப் போக வேண்டாம். சாதாரண மேனுவல் ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கி, நல்ல டயர் போட்டு, ஆட்டோகிராஸ் நடக்கும் இடம் தேடுங்கள். காலி மைதானத்தில் கூம்புகளை வைத்துப் பாதை போட்டிருப்பார்கள். ஒரு சுற்று ஒரு நிமிடம் போல ஆகும், பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே முடிந்துவிடும். ஹெல்மெட்டைப் பல இடங்களில் அவர்களே தருவார்கள். டிக்கியிலும் சீட்டுக்கடியிலும் உருளும் பொருட்களை எல்லாம் இறக்கிவிட்டு, பாலிசி இதற்கு ஈடு தருமா என்று முந்தின நாளே கேட்டுவிட்டுப் போங்கள். பெரும்பாலான பாலிசிகள் தராது.